கையொப்பமிடுவது மட்டும் தொண்டு அன்று

வட இந்திய நகரம் ஒன்றில், கூலித் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டி ஒரு சிறு மருத்துவ நிலையம் இயங்குகிறது. சங்கமாகப் பதிவு பெற்ற தொண்டு அமைப்பு அது. இரண்டு ஆண்டுகளாக நான் அதன் ஆட்சிக்குழுவில் ஊதியமில்லா உறுப்பினன். 'ஆய்வாளர் ஒருவர் இருந்தால் நல்லது' என்று அழைத்தார்கள், பெருமையோடு ஒப்புக்கொண்டேன்.

முதல் மூன்று கூட்டங்களில் நான் செய்த பணி கையொப்பமிட்டது மட்டுமே. நான்காம் கூட்டத்தில் ஆண்டறிக்கை வரைவு வந்தது. 'பயனடைந்தோர்' என்ற தலைப்பின்கீழ் ஒரு பெரிய எண். அது ஆட்களின் எண்ணிக்கையா, வருகைகளின் எண்ணிக்கையா என்று கேட்டேன். வருகைகள் என்றார்கள். உயர் இரத்த அழுத்தத்துக்கு மருந்து பெறத் தொடங்கியவர்களுள் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் வருகிறார்கள் என்று அடுத்துக் கேட்டேன். அவையில் அமைதி. தலைவர் கனிவோடு, "இங்கே எல்லோரும் சேவை செய்ய வந்தவர்கள்தானே" என்றார்.

அந்தக் கனிவுதான் சிக்கல். தொண்டு என்ற சொல் நுழைந்ததும் கேள்வி கேட்பது பண்பாடற்ற செயலாகிவிடுகிறது.

விடை, கூட்டம் முடிந்தபின் செவிலியரிடமிருந்து கிடைத்தது. மருந்து தொடங்கியவர்களுள் பலர் இரண்டாம் மாதமே நின்றுவிட்டதைப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். நிலையம் காலையில் மட்டுமே திறந்திருக்கும். வந்தால் அன்றைய கூலி போகும். மருந்து இலவசம்; அதை வாங்க வருவது இலவசமன்று. இடைவிடாமல் உட்கொண்டால்தான் பயன் தரும் மருந்தை விட்டுவிட்டவர்களும் எங்கள் அறிக்கையில் 'பயனடைந்தோர்'. செவிலியருக்குத் தெரிந்த இவ்வுண்மை எங்களுக்குத் தெரியவில்லை. குழுவில் அவருக்கு இடமில்லை, நோயாளிகளுக்கும் இல்லை. எங்கள் கூட்டமும் வேலைநாளில், முற்பகல் 11 மணிக்கே நடந்துவந்தது.

இது ஓர் அமைப்பின் குறை மட்டுமன்று. நலவாழ்வுத் திட்டங்களை வகுப்பதிலும் செயற்படுத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று 1978ஆம் ஆண்டின் அல்மா-அட்டா பிரகடனம் கூறியது. 1994இல் சூரத்தில் எழுந்த பிளேக் அச்சத்தின் பின்னணியில், இந்தூரின் மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையைச் சீர்செய்யும் முயற்சியிலிருந்து 'ரோகி கல்யாண் சமிதி' பிறந்தது. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் அதை நாடெங்கும் கொண்டுசென்றது. தமிழ்நாட்டில் நாம் அதை நோயாளர் நலச் சங்கம் என்கிறோம். ஆக, மக்கள் அமர்வதற்கான நாற்காலி அரசுக் கட்டமைப்பிலும் தொண்டு அமைப்புகளிலும் உண்டு. அதில் அமர்வது யார் என்பதே கேள்வி.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். எளியோர் சிலரைத் தேர்ந்தெடுத்துக் குழுவில் அமர்த்தி, முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பிறரே வைத்துக்கொள்வதை ஐந்தாம் படியில், வெறும் ஒப்புக்கான பங்கேற்பின் வரிசையில் வைத்தார். இக்கட்டுரையை நான் கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டியவன். எங்கள் குழு அந்த ஐந்தாம் படியைக்கூட எட்டவில்லை என்பதை உணர எனக்கு நான்கு கூட்டங்கள் தேவைப்பட்டன.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் மாலையிலும் நிலையம் திறக்கிறது. கூட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. குடியிருப்பைச் சேர்ந்த இரு பெண்கள் உறுப்பினராயினர். அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாங்களே என்பதால் இதை வெற்றியென்று கூறமாட்டேன். ஆயினும், முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார்: "வரவு செலவுக் கணக்கை எங்கள் மொழியில் ஏன் எழுதவில்லை?" படித்தவர்கள் நிறைந்த அவையில் எவருக்கும் தோன்றாத கேள்வி அது.

கல்விப்புல நண்பர்களே, இத்தகைய அழைப்பு உங்களுக்கும் வரும். மறுக்காதீர்கள்; ஆனால் ஏற்குமுன் மூன்றைக் கேளுங்கள். நோயாளிகளுள் எவரேனும் குழுவில் உண்டா? கூட்டம் நடக்கும் நேரத்தில் அவர்களால் வர இயலுமா? பயன் என்று எதை எண்ணுகிறீர்கள்? ஊதியம் பெறாதது நம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. நம் கையொப்பத்தை நம்பி மருந்துக்குக் காத்திருப்போர் இருக்கிறார்கள்.