பத்தே நிமிடத்தில் சரியாகிவிட்டதா? அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்!

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். எடுக்கப் போனால் வலது கை சொன்னபடி கேட்கவில்லை. ‘என்னண்ணே ஆச்சு?’ என்று பக்கத்து மெஷின்காரர் கேட்க, பதில் குழறுகிறது. சோடா வாங்கிக் கொடுத்து ஃபேனுக்கு அடியில் உட்கார வைக்கிறார்கள். பத்து நிமிடத்தில் கையும் பேச்சும் பழையபடி. ‘வெயில்’, ‘காலையில சாப்பிடலை’, ‘வாயு’ என்று ஆளுக்கொரு காரணம். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக யாருக்கு மனசு வரும்? ஷிஃப்ட் தொடர்கிறது.

டாக்டர்கள் இதை ‘டிரான்சியன்ட் இஸ்கிமிக் அட்டாக்’, சுருக்கமாக டி.ஐ.ஏ. என்கிறார்கள். மற்றவர்களுக்கு ‘மினி ஸ்ட்ரோக்’. இந்த ‘மினி’தான் ஆளை ஏமாற்றுகிறது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைச் சின்ன ரத்தக்கட்டி அடைக்கிறது. கொஞ்ச நேரத்தில் தானே கரைந்துவிடுகிறது. ஆனால், அந்தக் கட்டி புறப்பட்ட இடம் அப்படியேதான் இருக்கிறது. அது தாறுமாறாகத் துடிக்கும் இதயமாக இருக்கலாம். கொழுப்பு படிந்த கழுத்து ரத்தக்குழாயாக இருக்கலாம். சிலருக்குக் கை கால் எல்லாம் நன்றாக இருக்கும். ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோல இருட்டி, சில நிமிடங்களில் விலகும். அதுவும் இதே வகை எச்சரிக்கைதான். பெரும்பாலானோர் கண்ணாடிக் கடைக்குத்தான் போவார்கள்.

கழுத்து ரத்தக்குழாயைப் பற்றித் தமிழ்நாடே பேசிய நாள்கள் உண்டு. 2021 அக்டோபர் இறுதியில், ‘அண்ணாத்த’ ரிலீஸுக்குச் சில நாள்களே இருந்தபோது, தலைசுற்றல் என்று சென்னை காவேரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் ரஜினிகாந்த். மூளைக்குச் செல்லும் கரோட்டிட் ரத்தக்குழாயில் ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் சிகிச்சை செய்யப்பட்டதாக மருத்துவமனை அறிவித்தது. டி.ஐ.ஏ. என்று அறிக்கையில் இல்லை. ஆனால், தலைசுற்றலோடு போனவருக்குக் கழுத்துவரை பரிசோதித்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சீக்கிரம் போவதால் என்ன கிடைக்கும்? இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. டி.ஐ.ஏ. அல்லது லேசான பக்கவாதம் வந்தவர்களுக்குச் சிகிச்சை தாமதமானபோது, 90 நாள்களுக்குள் மீண்டும் பக்கவாதம் வந்தது 10.3 சதவிகிதம் பேருக்கு. உடனடியாகச் சிகிச்சை தொடங்கியபோது அது 2.1 ஆகக் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லை; அதே மாத்திரைகள்தான், சீக்கிரம் கொடுத்தார்கள். டி.ஐ.ஏ.வுக்குப் பிறகு வரும் பக்கவாதங்களில் பெரும்பகுதி முதல் சில நாள்களிலேயே வந்துவிடுவதால், ‘ஞாயிற்றுக்கிழமை லீவுல பார்த்துக்கலாம்’ என்பது சரிப்படாது.

வீட்டில் சந்தேகம் வந்தால் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று தானாகக் கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108. சோடா, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் வேண்டாம், புரையேறலாம். கேள்விப்பட்டதை வைத்து ஆஸ்பிரின் கொடுப்பதும் தப்பு. மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்று சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் வினையாகும்.

அறிகுறி விலகாமல் நின்றுவிட்டால் அது பக்கவாதமேதான். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. ஆவடியிலிருந்து சி.டி.எச். ரோட்டிலோ, பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலையிலோ காலை நேரத்தில் சென்ட்ரல் பக்கம் வந்து பழக்கப்பட்டவர்களுக்கு, அந்த நேரம் எப்படிக் கரையும் என்று சொல்லத் தேவையில்லை. 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் எடுக்கிற ஆஸ்பத்திரி பக்கத்தில் எது என்று இன்றைக்கே விசாரித்து வைப்பது நல்லது. ‘கடைசியாக எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?’ என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வியாக இருக்கும். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்ட கையோடு அந்த நேரத்தையும் அதே போனில் டைப் செய்து வைத்துவிடுங்கள்.