கணினி விளையாட்டாக்கமும் மனிதப்பண்பியல் அறிவும்

கணினி விளையாட்டுக்களை ஆக்க விழையும் இளைஞர் கணிதமும் பௌதிகமும் செய்நிரலாக்கமும் கற்றாற் போதும், வரலாறும் தத்துவமும் இலக்கியமும் அவர்க்கு வேண்டாச் சுமை என்னுங் கருத்து இன்று பரவலாக நிலவுகின்றது. இதில் உண்மை சிறிதும் இல்லை என்று கூறிவிட முடியாது. திரையில் எறியப்படும் பந்து எவ்வாறு வளைந்து வீழவேண்டும் என்பதைச் சிலப்பதிகாரம் கற்பிக்காது, பௌதிகமே கற்பிக்கும். ஆனால், பந்தை எறிபவன் யார், எதற்காக எறிகின்றான், எறிந்தால் அவனுக்கு யாது கிட்டும், எறிய மறுத்தால் யாது நேரும் என்னும் வினாக்களுக்கும் ஒருவர் விடை எழுதியே ஆகவேண்டும். விளையாட்டின் விதிகள் எனப்படுவன இவ்விடைகளே. உடைமை, பரிசு, தண்டனை, மனித நடத்தை ஆகியன பற்றிய தீர்ப்புக்கள் அவற்றிற் பொதிந்துள்ளன. அத்தீர்ப்புக்களைப் பௌதிகத்திலிருந்து பெறமுடியாது.

மனிதப்பண்பியற் கல்விக்காகப் பரிந்து பேசுவோர் வழமையாக முன்வைக்கும் வாதமும் வலுக்குன்றியதே. விளையாட்டுக்குக் கதை வேண்டும், கதைக்கு உரையாடல் வேண்டும், ஆதலால் இலக்கியம் கற்றோரும் வேண்டும் என்பர். இது, பிறர் கட்டிய வீட்டுக்கு வெள்ளையடிக்கும் உரிமையை மட்டும் இரந்து கேட்பதாகும். விதிகள் வகுக்கப்பட்ட பின்னர் அழைக்கப்படும் எழுத்தாளர் எவ்வளவு வல்லவராயினும், முன்னரே தீர்க்கப்பட்டுவிட்டவற்றிற்கு அழகூட்டுவதன்றி வேறொன்றுஞ் செய்ய இயலாது.

விதியே கருத்து என்பதற்குக் கணினிக்கு முற்பட்ட சான்று ஒன்றுண்டு. 1904ஆம் ஆண்டில் எலிசபெத் மகீ என்னும் அமெரிக்கப் பெண்மணி ‘நிலவுடைமையாளர் விளையாட்டு’ என்ற பலகை விளையாட்டிற்கு ஆக்கவுரிமை பெற்றார். நிலவாடகையாற் சிலர் கொழுக்கப் பலர் நலிவதைச் சாடிய பொருளியற் சிந்தனையாளர் ஹென்றி ஜோர்ஜின் கொள்கையில் ஈடுபாடு கொண்டவர் அவர். அக்கொள்கையை விளையாட்டு வாயிலாக விளக்குவதே அவரது நோக்கம். அதற்கென இருவகை விதிகளை வகுத்தார். ஒன்றின்படி, செல்வம் பெருகும்போது அனைவரும் பயன்பெறுவர். மற்றதன்படி, ஒருவர் ஏனையோரை ஓட்டாண்டியாக்குவதே வெற்றி. பலகையும் பகடையும் ஒன்றே. 1935இல் பார்க்கர் சகோதரர் கம்பனி ‘மொனொப்பொலி’ என்ற பெயரில் உலகெங்கும் பரப்பியது இரண்டாவதின் வழிவந்த விளையாட்டையே. மகீயின் உரிமைக்கு விலையாக 500 டொலர் கொடுக்கப்பட்டது. சுரண்டலைக் கண்டிக்கப் பிறந்த விளையாட்டு அதனைக் கொண்டாடும் விளையாட்டாக மாறியதற்கு விதிகளிற் செய்யப்பட்ட தெரிவே காரணமாயிற்று.

கணினி இந்நிலைமையைக் கூர்மைப்படுத்தியுள்ளது. பலகை விளையாட்டின் விதிகளை ஆடுவோர் வாசிக்கின்றனர். விரும்பின் மாற்றியும் ஆடுகின்றனர். கணினி விளையாட்டிலோ விதிகள் செய்நிரலினுள் மறைந்து, இயற்கையின் நியதிகள் போலத் தோற்றமளிக்கின்றன. வில் றைற் உருவாக்கி 1989இல் வெளிவந்த ‘சிம்சிற்றி’ இதற்குத் தக்க உதாரணமாகும். நகரொன்றை அமைத்து ஆளும் இவ்விளையாட்டு, ஜே ஃபொறெஸ்ரர் 1969இல் வெளியிட்ட ‘நகர இயக்கவியல்’ என்னும் நூலாலும் தூண்டப்பட்டது. ஃபொறெஸ்ரர் கணினியின் நினைவகத்தை வளர்த்தெடுத்த பொறியியலாளருள் ஒருவர். நகரவியல் அறிஞர் அல்லர். பொஸ்ரனின் முன்னாள் நகர முதல்வர் யோன் கொலின்ஸின் தொடர்பால் இத்துறையுட் புகுந்தவர். அவரது மாதிரி, அரசு குறைந்த செலவிற் கட்டிக்கொடுக்கும் வீடுகள் நகரின் நலிவை மிகுவிக்கும் என்ற முடிவைத் தந்தது. நகரைச் சூழ்ந்த புறநகர்களை அம்மாதிரி கணக்கிற் கொள்ளவில்லை என்பதைத் துறைசார்ந்தோர் எடுத்துக்காட்டினர். வில் றைற் அதனை அப்படியே பெயர்த்தார் எனக் கூறுதல் நியாயமாகாது. அவர் பலதுறை நூல்களைக் கற்றவர். எனினும், அவரது நகரில் வாழிடமும் வணிகமும் தொழிற்சாலையும் தனித்தனி வலயங்களாகப் பிரிந்தே நிற்கும். வரி கூடின் மக்கள் வெளியேறுவர். நகரத்தாரிடையே இனபேதமோ அதனால் எழும் பகையோ இல்லை. முதல்வர் எவரையும் வினவாது எவ்வீட்டையும் இடித்துத் தள்ளலாம். அமெரிக்க நகரங்களின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை அறிந்தவருக்கு இவ்வமைதி எதனை மறைக்கின்றது என்பது புலனாகும். அறியாதவர் இதுவே நகரம் என்று நம்புவர். அவ்வாறு நம்பியவர் தாமும் ஒரு நகர விளையாட்டை ஆக்கப் புகும்போது, அதே விதிகளைப் புவியீர்ப்பு விதியைப் போல ஐயமின்றிப் படியெடுப்பர்.

சிட் மையரின் ‘சிவிலிசேஷன்’ 1991இல் வெளிவந்தது. இருள் சூழ்ந்த நிலத்தைக் கண்டறிதல், குடியேறுதல், வளங்களைப் பெயர்த்தல், பகைவரை வெல்லுதல் என்பனவே அதன் ஆட்டம். நகர் கட்டியோர் நாகரிகத்தார்; ஏனையோர் காட்டுமிராண்டிகள். இவ்வரிசையின் ஆறாவது விளையாட்டின் விரிவாக்கத்தில், 2018இல், கனடாவின் கிரீ மக்கள் தலைவரான பவுண்ட்மேக்கர் ஆடத்தக்க தலைவர்களுள் ஒருவராகச் சேர்க்கப்பட்டார். நட்புடன்படிக்கைகளை நாடுபவராகவே அவர் சித்திரிக்கப்பட்டார். எனினும் பவுண்ட்மேக்கர் கிரீ மக்களின் தலைவர்களுள் ஒருவராக 2018இல் இருந்தவர் இதனைக் கண்டித்தார். பிறர் நிலத்தைக் கைப்பற்றுவதே எல்லாப் பண்பாடுகளினதும் குறிக்கோள் என்னுங் காலனித்துவக் கட்டுக்கதையை அது நிலைநிறுத்துகின்றது என்பது அவரது கண்டனத்தின் சாரம். பவுண்ட்மேக்கர் 1885இல் அரசுத் துரோகக் குற்றஞ்சாட்டிச் சிறையிடப்பட்டவர். கனடிய அரசு அவரைக் குற்றமற்றவரென 2019இலேயே அறிவித்தது. சமாதானம் நாடிய ஒருவரை நிலம் பிடிக்கும் போட்டியில் நிறுத்திவைத்து மரியாதை செய்ததாகக் கருதியமை ஓவியரின் தவறன்று. தவறு விதியில் இருந்தது.

மாறாக, லூக்காஸ் போப் தனியொருவராக ஆக்கி 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ நோக்கத்தக்கது. கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியிற் கடவுச்சீட்டுப் பரிசோதிக்கும் அலுவலரே அதன் நாயகர். பரிசோதித்தோரின் தொகைக்கேற்பவே ஊதியம், தவறினால் தண்டம், வீட்டிலோ உணவுக்கும் வெப்பத்துக்கும் மருந்துக்கும் பணம் வேண்டும். பத்திரமற்ற ஒருவர் கெஞ்சி நிற்கும்போது எவரும் அறவுரை நிகழ்த்துவதில்லை. கூலிக்கணக்கே அறச்சிக்கலை உண்டாக்குகின்றது. 2023இல் ரொறன்ரோவிலிருந்து வெளிவந்த ‘வெண்பா’வில், 1980களில் இந்தியாவிலிருந்து கனடா சென்ற தமிழ்ப் பெண்ணொருத்தி தன் தாயின் சிதைந்த சமையற் குறிப்பேட்டில் விடுபட்டவற்றை ஊகித்துச் சமைக்கின்றாள். புலம்பெயர்வின் இழப்பு அங்கு ஆடும் முறையாகவே அமைந்துவிடுகின்றது. இவ்விரண்டிலும் செய்நிரலாக்கமும் மானிட அறிவும் வேறுபிரிக்க இயலாதனவாயுள்ளன.

இலங்கையிற் க.பொ.த. உயர்தரத்திற் கணிதத் துறையைத் தெரிவுசெய்யும் மாணவர் பதினாறு, பதினேழு வயதிலேயே வரலாற்றுப் பாடத்திடம் விடைபெறுகின்றனர். கலைத்துறையினர் அவ்வயதிலேயே கணிதத்துக்கு முதுகு காட்டுகின்றனர். பின்னவர் வேலைக்குதவாப் பட்டதாரிகள் என ஏசப்படுகின்றனர். முன்னவரின் குறையை எவரும் பேசுவதில்லை. கலைப்பீடங்களும் குற்றமற்றவையல்ல. விரிவுரைக் குறிப்புக்களை மனனஞ்செய்து பரீட்சைத்தாளில் இறக்கிவைக்கும் கல்வி எந்த விதியையும் ஐயுறும் ஆற்றலைத் தராது. வேண்டுவது, பொறியியல் மாணவருக்கு ஒப்புக்கு நடத்தப்படும் ஓர் இலக்கிய வகுப்பன்று. இருசாராரும் ஒரே விளையாட்டின் விதிகளை ஒரே மேசையில் இருந்து எழுதும் பயிற்சி.

மலையகத் தேயிலைத் தோட்டத்தைப் பொருளாகக்கொண்டு ஒரு விளையாட்டை ஆக்க இந்நாட்டு மாணவர் சிலர் முற்படுவதாகக் கொள்வோம். செய்நிரல் மட்டும் அறிந்தவர் முதலிற் கொழுந்தின் நிறையைப் புள்ளியாக்குவார். தொழிலாளரைச் செலவினப் பட்டியலிற் சேர்ப்பார். அவரை அறியாமலே ஆடுபவர் துரையின் நாற்காலியில் அமர்த்தப்பட்டுவிடுவார். கங்காணியிடம் பட்ட கடனை எழுதித் தொழிலாளரைப் பிணித்த, 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையையும், நிறை குறைந்த நாளில் ‘அரைப்பேர்’ போடப்படும் வழக்கத்தையும் அறிந்த ஒருவர் அருகிருப்பின், முதல் விதியை எழுதுமுன்னரே ஒரு வினா எழும்: ஆடுபவர் நிற்கவேண்டிய இடம் பங்களாவா, லயமா?