மீட்டர் ஓடாது, பெயர் மட்டும் 'மீட்டர் ஆட்டோ'!

சென்னையில் நாலு சக்கர வேனில் ஆட்களை அடைத்து ஓட்டினால் அதற்குப் பெயர் 'ஷேர் ஆட்டோ'. போகட்டும், அதில் ரேட்டாவது முன்கூட்டியே தெரியும். இந்த 'மீட்டர் ஆட்டோ' இருக்கிறதே...!

எழும்பூரில் ரெயிலை விட்டு இறங்குகிறவர் பெட்டியும் பையுமாக வந்து, "மீட்டர் போடுவீங்களா?" என்கிறார். "காலங்காத்தால மீட்டரு கீட்டருன்னு... எரநூறு குடு சார், ஏறு!" என்று பதில் வருகிறது. முன்பு 'சூடு வைத்த மீட்டர்' என்று திட்டுவார்கள். அந்த மீட்டராவது ஓடியது!

2013-ல் அரசு வைத்த கட்டணம் முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோ மீட்டருக்கு 12 ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது 2021-ல். அதற்குப் பிறகும் பழைய கணக்கிலேயே ஓட்டு என்றால் எப்படிக் கட்டும்? டிரைவர்கள் கேட்பது நியாயம்தான்.

அதற்காக வாய்க்கு வந்ததைக் கேட்பதா? ராத்திரி 11 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு என்று அதே உத்தரவில் இருந்தது. தூறல் போட்டால் இரட்டை ரேட் என்று எங்கே இருந்தது?

எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் கட்டணத்தையும் அதிகாரிகள் மாற்றட்டும். அதற்கப்புறமும் மீட்டர் போடாத வண்டியை நடுரோட்டில் நிறுத்தி அபராதம் தீட்டட்டும். அதுவரை பெட்டி தூக்கி வருகிறவர் பேரம் பேசியே தொண்டை வற்ற வேண்டியதுதானா?