மாதச் சம்பளம் இல்லாத தாய்க்கு யார் பொறுப்பு?

கோவையில் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். தலைப்பிள்ளை, இது ஏழாம் மாதம். கம்பெனி வேலையிலிருக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கு, சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. எனக்கு முதலாளி இல்லை, அதனால் விடுப்பும் இல்லை.

பார்ப்பவர்களெல்லாம் ஆஸ்பத்திரிச் செலவைத்தான் கேட்கிறார்கள். அது பெரிய கவலையில்லை. அரசு மருத்துவமனையில் பார்ப்பதென்று முடிவுசெய்துவிட்டோம். பயமெல்லாம் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களைப் பற்றித்தான். வேலை நின்ற அன்றே வரும்படியும் நின்றுவிடும். வாடகை நிற்காது. ஆகவே ஆறு மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் சேர்த்து வருகிறேன். காப்பீட்டை நம்புகிறவர்கள் கல்யாணமானதுமே எடுத்துவிட வேண்டும். பிரசவச் செலவு தரும் பாலிசிகளில் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் உண்டு.

சேமிப்பைவிட முக்கியம், செய்த வேலைக்கான பாக்கி. "அடுத்த மாசம் பார்க்கலாம்மா" என்ற பதில் எங்கள் தொழிலில் சாதாரணம். அதற்குச் சட்டத்தில் வழி உண்டு. நம்மைப் போன்றவர்களும் குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். அப்படிப் பதிந்த குறுந்தொழிலுக்கு, ஒப்பந்தத்தில் கூடுதல் நாள் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. குறு, சிறு தொழில்களுக்கான 2006 சட்டம் சொல்வது இது. பதிவு எண்ணைப் பில்லிலேயே அச்சிடுங்கள்.

அமைப்புசாராத் தொழிலாளருக்கு மகப்பேறு நலத் திட்டம் வகுக்க 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இடம் தருகிறது. சுயதொழில் செய்வோரும் அதில் அடக்கம். எங்களுக்கும் பேறுகால ஊதியம் கிடைக்கும்படி மத்திய அரசு அந்தத் திட்டத்தை வகுக்க வேண்டும். அதுவரை, வேலை வாங்கியவர்கள் எங்கள் பில்லை மேசையில் தூங்கவிடாதீர்கள்.