கண்டியில் உண்போர் கவனத்திற்கு!

உணவு வயிற்றின் விவகாரம் மட்டுமன்று. அது நாட்டின் விவகாரமுமாகும். ஒரு நகரத்தின் உணவுச்சாலைக்குள் நுழைந்து, அங்கு என்ன சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், எதற்கு என்ன விலை கேட்கிறார்கள் என்று கண்டால், அந்நாட்டின் பொருளாதார நிலையிற் பாதியை அறிந்துவிடலாம். மற்றப் பாதியை அறிய வேண்டுமானால், அந்தச் சோறும் கறியும் தேநீரும் எங்கிருந்து வந்தன, யார் கைபட்டு வந்தன என்று கேட்கவேண்டும். முதற் பாதியை நம்மவர் இன்று மிக்க ஆர்வத்தோடு செய்துவருகின்றனர். மற்றப் பாதியைச் செய்பவர் அரிது. அக்குறையைச் சுட்டிக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டி மாநகரிலே ஒரு புதுப் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. வார இறுதியில் நண்பர் நால்வர் ஐவர் கூடுகின்றனர். தலதா வீதியிலோ, கொட்டுகொடெல்ல வீதியிலோ, பேராதனை வீதியிலோ உள்ள ஓர் உணவுச்சாலைக்குச் சென்று உண்கின்றனர். உண்ட கை உலருமுன்னரே கைத்தொலைபேசியில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்று, கொத்துரொட்டியில் உறைப்புப் போதாது, பொரித்த கோழி நன்று, இருக்கைகள் நெருக்கம். இத்தீர்ப்பை முன்பின் அறியாத பல நூறு பேர் படிக்கின்றனர். அடுத்த வாரம் அவர்கள் எந்தப் படியேறுவது, எந்தப் படியேறாது விடுவது என்பதை அதுவே முடிவு செய்கிறது.

இப்பழக்கத்தை நாம் பழிக்க வரவில்லை. நாமும் நண்பரோடு கூடி உண்டு, உண்டதைப் பற்றி வாதாடுபவர்களே. எமது வட்டத்தில் ஆசிரியரும் வைத்தியரும் எழுதுவினைஞரும் உண்டு. மரக்கறி பயிரிடும் கமக்காரரும் உண்டு. உண்பவனுக்கு வாயிருக்கிறது, அவ்வாய் சுவைப்பதற்கு மட்டுமன்றிப் பேசுவதற்கும் உரியது. நமது நாட்டிலே 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். ஆயினும் ஒவ்வோர் அடுப்படியிலும் ஒவ்வொரு நாளும் ஒரு பரிசோதகரை நிறுத்த எந்த அரசினாலும் இயலாது. அழுக்கு மேசையைத் துடைக்கச் செய்வதும், பழைய எண்ணெயைக் கொட்டச் செய்வதும் பலவேளை வாடிக்கையாளரின் சொல்லே.

ஆனால், தீர்ப்புச் சொல்பவர் வழக்கை முழுவதும் விசாரித்தல் வேண்டும். இன்று விசாரிக்கப்படுவன ஐந்து: சுவை, அளவு, விலை, துப்புரவு, உபசாரம். ஐந்தும் தேவையானவையே. எனினும் கேட்கப்படாத கேள்விகள் மூன்று உள. தேநீரைப் பற்றி ஒன்று. தட்டிலுள்ள தானியத்தையும் மரக்கறியையும் பற்றி ஒன்று. தட்டைக் கொண்டுவந்து வைத்த மனிதனைப் பற்றி ஒன்று.

முதலிலே தேநீர். கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்டைப் பகுதியிலே, லூல்கந்துர தோட்டத்தில், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். இலங்கையின் தேயிலை வாணிகம் அங்கிருந்தே தொடங்கிற்று. இரண்டாண்டுகளின் பின் கோப்பிப் பயிரை நோய் பற்றி அழிக்கத் தொடங்கவே, மலைகள் யாவும் படிப்படியாகத் தேயிலை மலைகளாயின. 1883 இல் கொழும்பிலே தேயிலை ஏலம் ஆரம்பமாயிற்று. இன்று ‘கண்டித் தேயிலை’ என்பது உலகச் சந்தையிலே தனிப்பெயர் பெற்ற ஒரு வகை.

இத்தகைய நகரத்தின் உணவுச்சாலை ஒன்றில் உண்டு முடித்துத் தேநீர் கேளுங்கள். வருவது பலவேளை என்ன? சாயம் உண்டு, மணம் இல்லை. கடுப்பு உண்டு, சுவை இல்லை. இதன் காரணம் இரகசியமன்று. நாட்டில் விளையும் தேயிலையில் 90 சதவீதத்துக்கு மேல் கப்பலேறிவிடுகிறது. எஞ்சியதிலும், குறைந்த விலைக்கு விரைவிற் சாயமிறங்கும் தூளையே கடைக்காரர் தேடுகின்றனர். தூள் என்ற காரணத்தால் அதைக் கழிவென்று எண்ணலாகாது. நல்ல தூளும் உண்டு. ஆனால் சல்லடையில் எஞ்சும் நாரும் தண்டுமாகிய கழிவுத் தேயிலை வேறு. அதில் நிறமும் பிறவும் கலந்து விற்றோர் பிடிபட்ட செய்திகள் நாளேடுகளிற் பலமுறை வெளிவந்துள்ளன. கொத்துரொட்டியின் உறைப்பை அளந்து பத்து வரி எழுதும் நண்பர்கள், இந்தக் கோப்பையைப் பற்றி ஒரு வரியேனும் எழுதுகின்றனரா?

நல்ல தேயிலை போட்டால் கட்டுப்படியாகாது என்பர் கடைக்காரர். கணக்குப் பார்ப்போம். ஒரு கோப்பைக்கு 2 கிராம் தேயிலை வேண்டும். ஆகவே, ஒரு கிலோவில் 500 கோப்பை தேநீர் கிடைக்கும். கிலோவுக்கு 500 ரூபா கூடக் கொடுத்து உயர்ந்த தேயிலை வாங்கினாலும், கோப்பைக்கு ஏறும் செலவு ஒரே ஒரு ரூபாதான்! ஒரு ரூபாவை மிச்சம் பிடிப்பதற்காக, மலைநாட்டின் பெயரையே சாயத் தண்ணீரிற் கரைக்கிறோம்.

இக்கணக்கை இன்னொரு பக்கமும் நீட்டிப் பார்த்தல் வேண்டும். மலையிலே கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி ஒரு நாளில் 20 கிலோ பறிக்கிறாள் என்று கொள்வோம். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். எனவே அவளுடைய ஒரு நாளுழைப்பு 4 கிலோ தேயிலை; அதாவது 2,000 கோப்பை தேநீர். 2021 இல் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம், பெரும் இழுபறிக்குப் பின், 2024 இல் 1,350 ரூபாவாக நிர்ணயமாயிற்று. அதைப் பகிர்ந்து பாருங்கள். அச்சம்பளத்தில் ஒரு கோப்பைக்கு அவளுக்குச் சேர்ந்தது எழுபது சதத்துக்கும் குறைவு! அவளுடைய நாட்சம்பளத்தை 2,000 ரூபாவாக்கினாலும் கோப்பைக்கு ஒரு ரூபாவே வரும். சம்பளத்தைக் கூட்டினால் தேநீரின் விலை வானைத் தொடும் என்று சொல்வோர், எந்தப் பள்ளியிற் கணக்குப் படித்தார்களோ நாம் அறியோம்.

இரண்டாவது கேள்வி, தட்டிலுள்ளதைப் பற்றியது. கண்டியில் மாலையானதும் வீதிதோறும் கேட்பது கொத்துரொட்டியின் ஓசை. நமக்கும் அது விருப்பமானதே. ஆயினும் அதன் மூலப்பொருளாகிய கோதுமையை இலங்கையின் வயல்கள் விளைவிப்பதில்லை. கப்பலில் வரும் கோதுமை டொலரை நம்பியிருக்கிறது. டொலர் வற்றினால் என்ன நேரும் என்பதை 2022 ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்தது. மாவின் விலையும் பாணின் விலையும் பாய்ந்தேறின. 2021 செப்டெம்பரில் 1,500 ரூபாவுக்குக் குறைவாக இருந்த 12.5 கிலோ எரிவாயு உருளை, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. எத்தனையோ சிறு உணவுச்சாலைகள் கதவடைத்தன.

அதற்கு முந்திய ஆண்டில் கமக்காரர் பட்ட துன்பத்தை அவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே வீச்சில் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடையை நீக்கியபோது காலம் கடந்துவிட்டது. நெல்லும் மரக்கறியும் குன்றின. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைச்சல், 2022 இல் 25 கோடி கிலோவளவுக்கு இறங்கிற்று. நகரத்தில் உண்போர் விலையேற்றத்தைக் கண்டனர், விளைச்சலிழந்தவனைக் கண்டாரில்லை. தட்டிலுள்ள போஞ்சியும் கரட்டும் கோவாவும் நுவரெலியாவிலோ ஹங்குரன்கெத்தையிலோ ஒருவர் குனிந்து நிமிர்ந்து விளைவித்தவை. அவை எத்தனை தரகர் கைமாறி, எத்தனை மூடை நசுங்கி அழுகி வீணான பின் சமையலறையை அடைகின்றன என்பது, உண்பவரின் கேள்விக்கு உட்பட்டதேயாகும். கமக்காரன் பெற்ற விலைக்கும் உணவுச்சாலை கொடுத்த விலைக்கும் இடையிலுள்ள பள்ளத்திலேதான் நாட்டின் வறுமை கிடக்கிறது.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு, கண்டியின் வாயிலிலேயே உண்டு. விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையில் இருக்கிறது. அத்திணைக்களத்தின் ஆதரவில், கன்னொருவையிலே ‘ஹெல பொஜுன்’ என்னும் உணவுச்சாலை நடைபெறுகிறது. கிராமத்துப் பெண்கள் தாமே சமைத்துத் தாமே விற்கின்றனர். கோதுமை மாவுக்கு அங்கு இடமில்லை. அரிசி மா, குரக்கன், பயறு, இலைக்கஞ்சி என்று நம் மண்ணின் பண்டங்களே அங்கு கிடைக்கும். கண்ணெதிரே சுடுகின்றனர், விலையும் எளியது. வடமாகாணத்திலே இவ்வமைப்பு ‘அம்மாச்சி’ என்னும் இனிய பெயரில் நடைபெறுகிறது. பிட்டும் தோசையும் வாங்க அங்கு மக்கள் வரிசையில் நிற்பதை யாழ்ப்பாணம் சென்றோர் கண்டிருப்பர். விளைவிக்கும் குடும்பத்துக்கும் உண்ணும் குடும்பத்துக்கும் இடையே உள்ள தூரத்தை இவ்விடங்கள் குறைத்துவிட்டன. குளிரூட்டிய விடுதிகளுக்கு நாலு பக்கம் எழுதும் நண்பர்கள், இவற்றுக்கு நாலு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது கேள்வி, பரிசாரகரைப் பற்றியது. கண்டி உணவுச்சாலைகளில் மேசை துடைப்போரும் தட்டேந்துவோருமான இளைஞர் பலர், சூழவுள்ள தோட்டங்களிற் பிறந்தவர்கள். தாயின் நாட்சம்பளம் வீட்டுக்குப் போதாமையால் பள்ளியை விட்டுப் பட்டணம் வந்தவர்கள். தமிழ் இளைஞன் தமிழ் வாடிக்கையாளரிடம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ என்ன வேண்டுமென்று கேட்கிறான். அவரும் அம்மொழியிலேயே விடை சொல்கிறார். இருவரும் தமிழர் என்பதை இருவருமே அறியாது பிரிகின்றனர். “தம்பி, எந்த ஊர்?” என்று கேட்டால் அவன் முகம் மலரும். அம்மலர்ச்சியும் விருந்தின் ஒரு பகுதியன்றோ?

முகமலர்ச்சியோடு கடமை முடிந்துவிடாது. பல உணவுச்சாலைகள் விலைச்சீட்டில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்க்கின்றன. அது சேவை செய்தவன் கையைச் சேர்கிறதா என்று கேட்டவர் எத்தனை பேர்? 1958 இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி, ஊழியன் சம்பளத்திலிருந்து 8 வீதமும் முதலாளி தன் பங்காக 12 வீதமும் செலுத்தவேண்டும். அந்த இளைஞனுக்கு அக்கணக்கு உண்டா? “பரிசாரகர் மந்தமாக இருந்தார்” என்று எழுதி ஒரு நட்சத்திரத்தைப் பிடுங்குவது எளிது. அவர் எத்தனை மணி நேரமாக நிற்கிறார் என்று கேட்பதே அறிவுடைமை.

உணவுச்சாலை நடத்துவோரின் குறையையும் கேட்டல் நியாயம். கடைவாடகை, மின்கட்டணம், எரிவாயு, வரி என்று நாற்புறமும் அவர்களுக்கு நெருக்கடி. இத்தனை கேள்விகளையும் அவர்கள் தலையிற் சுமத்தினால் கடையை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான் என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நாம் வேண்டுவது தண்டனையன்று, பாராட்டு. நல்ல தேயிலை ஊற்றுபவரை, கமக்காரரிடம் நேரே வாங்குபவரை, ஊழியரின் பங்கை ஊழியருக்கே கொடுப்பவரைப் பெயர் சொல்லிப் புகழுங்கள். புகழுக்குக் கூட்டம் சேரும். கூட்டத்துக்கு வருமானம் சேரும். நேர்மையால் இலாபம் உண்டு என்று ஒரு கடை காட்டிவிட்டால், அடுத்த கடை தானே பின்பற்றும்.

ஆதலால், கண்டியிலும் சூழவும் வாழும் தமிழ் உத்தியோகத்தருக்கும் கமக்காரருக்கும் நாம் கூறுவது இது. நண்பரோடு கூடி உண்ணுங்கள். அது நல்ல பழக்கம். தீர்ப்பும் எழுதுங்கள், அது உங்கள் உரிமை. எழுதுவதை ஆங்கிலத்தோடு நிறுத்தாது தமிழிலும் எழுதுங்கள். சமைத்தவனும் விளைவித்தவனும் படிக்கட்டும். தேநீரின் தரத்துக்குத் தனிப்புள்ளி கொடுங்கள். மரக்கறி எங்கிருந்து வந்தது என்று வினவுங்கள். சேவைக் கட்டணம் யாரைச் சேர்கிறது என்று பணிவோடு கேளுங்கள். கமக்காரர் பத்துப் பேர் ஒன்றுசேர்ந்து நகரத்து உணவுச்சாலை இரண்டு மூன்றுக்கேனும் நேரே மரக்கறி கொடுக்க முயலுங்கள். எழுத்தறிந்த நண்பர்கள் அதற்குத் தூது செல்லுங்கள்.

சுவையை நாக்கு அறியும். நியாயத்தை நாக்கு அறியாது. அதை அறியும் அறிவு நமக்கு இருக்கிறது. அடுத்த முறை விலைச்சீட்டு மேசைக்கு வரும்போது, நம் பங்கைக் கொடுத்துவிட்டோமா என்று பார்ப்பதோடு, கொழுந்து பறித்தவளின் பங்கும், கமக்காரனின் பங்கும், தட்டேந்தியவனின் பங்கும் அதில் இருக்கின்றனவா என்றும் பார்ப்போமாக.