ஒரு நிறுவனத்தின் திறவுகோலில் தங்கியுள்ள பொதுச் சேவைகள்

2021ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி, உலகெங்கிலும் உள்ள கணினிகளில் ஒரு மென்பொருள் இயங்க மறுத்தது. அடோப் நிறுவனத்திற்குச் சொந்தமான பிளாஷ் என்ற அந்த மென்பொருள், அத்தினத்தின் பின்னர் எந்தவோர் உள்ளடக்கத்தையும் காட்டக் கூடாது என்ற கட்டளை அதனுள்ளேயே முன்கூட்டிப் பொதிந்து வைக்கப்பட்டிருந்தது. தென்னாபிரிக்காவின் இறைவரிச் சேவை தனது இணையவழி வரிப் படிவங்களிற் சிலவற்றை அதுவரை பிளாஷிலேயே வைத்திருந்தமையால், அப்படிவங்களைத் திறப்பதற்கென்றே தனியானதோர் இணைய உலாவியைத் தயாரித்து அம்மாதத்திலேயே மக்களுக்கு வழங்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டது. உலகம் கைவிட்ட மென்பொருளை இயக்குவதற்காக ஓர் அரச நிறுவனம் உலாவி வெளியிட்ட இச்சம்பவம் அப்போது வேடிக்கையாகவே நோக்கப்பட்டது. எனினும் அதில் வேடிக்கை குறைவு, எச்சரிக்கையே அதிகம்.

பிளாஷ் தானாக வந்து எவர் மீதும் திணிக்கப்பட்டதல்ல. 1996இல் பியூச்சர்வேவ் என்ற சிறிய நிறுவனமொன்று அசையும் சித்திரங்களை வரைவதற்காக வெளியிட்ட மென்பொருளை, அவ்வாண்டின் இறுதியில் மக்ரோமீடியா நிறுவனம் வாங்கி இப்பெயரைச் சூட்டியது. அக்காலத்தில் ஒரே இணையப் பக்கம் ஓர் உலாவியில் ஒரு விதமாகவும் மற்றையதில் வேறு விதமாகவும் தோன்றும். ஒலியும் ஒளியும் பெரும்பாடு. பிளாஷ் கோப்போ எங்கு திறந்தாலும் ஒரே மாதிரியாக இயங்கியது. எழுத்துருவையும் கோப்பினுள்ளேயே அடக்கிவிடக் கூடியதாகையால், தமிழ் எழுத்துரு நிறுவப்படாத கணினியிலும் தமிழைப் பிழையின்றிக் காட்ட வல்லதாயிருந்தது. 2005இல் தோன்றிய யூடியூப் தனது காணொளிகளை உலகிற்குக் காட்டியதும் இதன் மூலமே.

மேசைக் கணினியின் மென்பொருளுக்கு நிகரான வசதிகளை இணையத்தில் தரும் செயலிகளுக்கு 'செறிவான இணையச் செயலி' என்ற பெயரை 2002இல் மக்ரோமீடியா வழங்கியது. 2005இல் அந்நிறுவனத்தை ஏறத்தாழ 340 கோடி டொலருக்கு வாங்கிய அடோப், 2008இல் 'எயார்' என்ற தளத்தை வெளியிட்டு, ஒருமுறை எழுதினால் கணினி, தொலைபேசி, தொலைக்காட்சி ஆகிய அனைத்திலும் இயங்கும் என்ற வாக்குறுதியை முன்வைத்தது. மைக்ரோசொப்ட் நிறுவனமும் 2007இல் 'சில்வர்லைற்' என்ற போட்டித் தளத்துடன் களமிறங்கியது. அடுத்த ஆண்டின் பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டிகளை அமெரிக்கர்கள் இணையத்தில் கண்டது அதன் வழியாகவே. அதற்கும் 2021 ஒக்டோபரில் முடிவு கட்டப்பட்டது.

பிளாஷின் வீழ்ச்சியைத் தொடக்கி வைத்தவர் அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ். 2010 ஏப்ரலில் அவர் வெளியிட்ட பகிரங்கக் கடிதம், ஐபோனில் பிளாஷை அனுமதிக்காமைக்கு ஆறு காரணங்களைக் கூறியது. அது திறந்த தொழில்நுட்பமல்ல, பாதுகாப்பற்றது, மின்கலத்தை விழுங்குவது, விரலால் தொடும் திரைக்குப் பொருந்தாதது என்றவாறு அவை அமைந்தன. இவற்றில் உண்மை இருந்தது. பிளாஷின் கோப்பு வடிவத்தை அடோப் வெளியிட்டிருந்த போதிலும், அதனை இயக்கும் மென்பொருளின் மூல நிரலை ஒருபோதும் வெளியிடவில்லை. ஆனால் மிக முக்கியமானதென ஜொப்ஸே குறிப்பிட்ட இறுதிக் காரணம் வேறானது. அப்பிளின் தளத்திற்கும் செயலியை எழுதுவோருக்கும் இடையில் வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் புகுவதை ஏற்க இயலாது என்பதே அது. திறந்த இணையத்தின் பெயரால் பிளாஷை வெளியேற்றியவர்கள், தமது அனுமதியின்றி எந்தச் செயலியும் நுழைய முடியாததும் விற்பனையில் 30 சதவீதம் வரை தரகு அறவிடுவதுமான கடையைத் தமது தொலைபேசியில் நடத்திக் கொண்டிருந்தார்கள். பூட்டைக் கண்டித்தவரின் இடுப்பிலும் சாவிக்கொத்து ஒன்று தொங்கியது.

அந்தச் சாவிக்கொத்தே இன்று நீதிமன்றங்களில் விவாதப்பொருளாகியுள்ளது. அமெரிக்காவில் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2020இல் தொடுத்த வழக்கில், வெளிக் கொடுப்பனவு வழிகளைத் திறந்துவிடுமாறு இட்ட கட்டளையை அப்பிள் வேண்டுமென்றே மீறியதாக 2025 ஏப்ரலில் நீதிபதி தீர்ப்பளித்தார். அதே மாதம் ஐரோப்பிய ஆணைக்குழு அந்நிறுவனத்திற்கு 50 கோடி யூரோ அபராதம் விதித்தது. இதற்கு முந்திய ஆண்டில், தொலைபேசியின் முகப்பில் வைத்து இயக்கக் கூடிய இணையச் செயலிகளை ஐரோப்பாவில் நீக்கப் போவதாக அப்பிள் அறிவித்ததும், கடும் எதிர்ப்பின் பின்னர் 2024 மார்ச்சில் அம்முடிவைக் கைவிட்டதும் அதிகம் பேசப்படவில்லை. கடையின் அனுமதி வேண்டாத அச்செயலிகளே பிளாஷ் அளித்த வாக்குறுதியைத் திறந்த நியமங்களின் மூலம் நிறைவேற்றக் கூடியவை.

அரசுகள் இவ்விடயத்தில் தாமாகவே மாட்டிக் கொள்வதற்குத் தென் கொரியா நல்ல உதாரணம். 1999இல் கொண்டுவரப்பட்ட மின்னணுக் கையொப்ப முறை, நடைமுறையில் மைக்ரோசொப்டின் அக்டிவ்எக்ஸ் என்ற தொழில்நுட்பத்தோடு பிணைந்து போனது. வங்கிப் பணியா, அரச விண்ணப்பமா, எதற்கும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியே கதி என்றாயிற்று. தொலைக்காட்சித் தொடரொன்றின் கதாநாயகி அணிந்த மேலங்கியை வாங்க விரும்பிய வெளிநாட்டவர்கள் கொரிய இணையத்தளங்களில் பணம் செலுத்த முடியாது திரும்பியதை அந்நாட்டு ஜனாதிபதியே 2014இல் சுட்டிக்காட்ட நேர்ந்தது. அச்சான்றிதழ் முறையின் தனியுரிமை 2020 டிசம்பரில்தான் முடிவுக்கு வந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இவ்வனுபவம் புதிதன்று. பாமினி முதலான எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்ட பக்கங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகளாகத் தோன்றியதை நாம் அறிவோம். யுனிகோட் நியமம் பரவிய பின்னரே ஒருவர் எழுதியதை மற்றவர் தடையின்றி வாசிக்கவும் தேடவும் முடிந்தது. பிளாஷ் அடக்கித் தந்த தமிழ் கண்ணுக்கு அழகாயிருந்தும், ஒரு தேடலில் சிக்குவது அரிதாகவே இருந்தது.

பிளாஷில் உருவான விளையாட்டுகளும் சித்திரங்களும் அடியோடு அழிந்து விடவில்லை. ரபிள் என்ற திறந்த மூல மென்பொருளைத் தொண்டர்கள் எழுதியதும், இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் அதனைப் பயன்படுத்திப் பழைய ஆக்கங்களை மீளக் காட்டத் தொடங்கியதும் அவற்றைக் காப்பாற்றின. ஆயினும் வரிப் படிவத்தையோ ஓய்வூதிய விண்ணப்பத்தையோ தொண்டர்களின் தயவில் விட முடியாது. அடோப் 2017 ஜூலையிலேயே முடிவுத் திகதியை அறிவித்து மூன்றாண்டுக்கு மேல் அவகாசம் அளித்தும், ஒரு நாட்டின் வரித் திணைக்களத்தால் வேலையை முடிக்க இயலாமற் போனதை மறந்துவிடலாகாது.

எமது நாட்டிலும் 2025 பெப்ரவரியில் கவ்பே என்ற அரச கொடுப்பனவுத் தளம் ஆரம்பிக்கப்பட்டு, டிஜிட்டல் அடையாள அட்டைக்கான பணிகளும் பேசப்படுகின்றன. இவை போன்ற திட்டங்களுக்கான ஒப்பந்தங்களில், எந்த உலாவியிலும் எந்தத் தொலைபேசியிலும் சேவையைப் பெறும் வழி உண்டா, மூல நிரலும் தரவுகளும் அரசின் கையில் இருக்குமா, ஒப்பந்தக்காரர் விலகினால் எத்தனை மாதங்களில் வேறொருவர் பொறுப்பேற்கலாம் என்பவை எழுத்தில் இடம்பெற வேண்டும். அவ்வாறு இடம்பெற்றுள்ளனவா என்பதை வெளிப்படுத்துமாறு கோருவதற்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரஜைகள் எவருக்கும் இடமளிக்கின்றது.