மலிவுக்கு விலை கொடுப்பவர் யார்?

நம் தேசத்தில் ஜீவனம் மலிவு என்று பெருமை பேசுவோர் பலர். வாஸ்தவந்தான். 2017-ஆம் வருஷத்தில் ஓர் அமெரிக்க டாலரின் சந்தை மதிப்பு சுமார் 65 ரூபாய். அங்கே ஒரு டாலருக்குக் கிடைத்த சரக்கும் ஊழியமும் இங்கே சுமார் 21 ரூபாய்க்குக் கிடைத்தன என்று உலக பாங்கியின் ஒப்பீடு காட்டிற்று. காரணம் யாது?

கப்பலேறும் பண்டங்களின் விலை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. க்ஷவரமும் சலவையும் கப்பலேறா. ஜூரிச் நகரத்து நாவிதர் நம்மூர் நாவிதரைவிட அதிகமாய் முடி வெட்டுவதில்லை; ஆயினும் பன்மடங்கு கூலி பெறுகிறார். அந்நாட்டு யந்திரசாலைகள் ஒரு தொழிலாளியைக் கொண்டு மிகுதியாய் உற்பத்தி செய்து, உயர்ந்த கூலி தருகின்றன. அதற்கு ஈடாகக் கொடாவிடில் கத்தரி பிடிக்க ஆள் அகப்படுமோ? 1964-ல் பலாஸா, ஸாமுவெல்ஸன் என்னும் அறிஞர் இருவரும் இதனைத் தனித்தனியே விளக்கினர்.

ஆகவே நம் மலிவு அதிர்ஷ்டமன்று. நாவிதரும், சலவைத் தொழிலாளரும், வீட்டுவேலை செய்யும் பெண்டிரும் தம் வயிற்றைச் சுருக்கி நமக்களிக்கும் மானியம் அது. அவர்கள் ஒரு கைப்பேசி வாங்கினால் கொடுப்பதோ உலக விலை! கல்வியும் கைத்தொழிலும் பெருகி அவர்கள் கூலி உயரும் நாளில், விலை ஏறிற்றென்று புலம்பாதிருப்பதே தேசபக்தருக்கு அழகு.